பெல்ட் வண்டிக்கு மாற்று பெல்ட்: பட்டனைப் பார்த்து வாங்கலாமா?

ஜனவரி 6, மாலை (திருவாடானைப் பக்கத்து வாசகர் கேட்டது)

அண்ணே, போன வருஷம் பழைய குபோட்டா பெல்ட் வண்டி ஒன்று வாங்கினேன், டயருக்குப் பதில் இரண்டு பக்கமும் ரப்பர் பெல்ட்டில் ஓடுகிற அறுவடை இயந்திரம். நெல் அறுப்புக்குத்தான். இடது பக்க பெல்ட்டில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கிற ரப்பர் மேடு, வழுக்கையாகிவிட்டது, இரண்டு இடத்தில் கம்பி வெளியே தெரிகிறது. வலது பக்கம் பரவாயில்லை, பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது. கடையில் மூன்று விதம் காட்டினார்கள். ஒன்று இப்போது இருக்கிற அளவிலேயே சாதாரண பட்டன். இன்னொன்று பட்டன் உயரம் அதிகம், விலையும் அதிகம். மூன்றாவது அகலம் கூடியது. அறுப்பில் வண்டி சேற்றில் மாட்டிக்கொள்வதுதான் நம் பக்கத்துத் தொல்லை, அதனால் உயரமான பட்டன்தான் சரி என்று நினைக்கிறேன். இடது பக்கம் மட்டும் மாற்றி இந்த சம்பாவை ஓட்டிவிடலாமா? பொங்கல் முடிந்ததும் வண்டி வயலில் இறங்க வேண்டும்.

ஜனவரி 6, இரவு

அட்வான்ஸ் கொடுக்காதே தம்பி. முதலில் பழைய பெல்ட்டின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பார். மூன்று எண் அச்சிட்டிருக்கும். உதாரணமாக 450×90×51. முதல் எண் அகலம், மி.மீ. கணக்கில். இரண்டாவது, உள்ளே குறுக்கே பதித்திருக்கும் ஒரு இரும்புக்கும் அடுத்த இரும்புக்கும் நடுவில் உள்ள தூரம். மூன்றாவது, மொத்தம் எத்தனை இரும்பு. 90-ஐ 51-ஆல் பெருக்கினால் 4590 மி.மீ. வரும், அதுதான் பெல்ட்டின் சுற்றளவு.

அகலம் கொஞ்சம் மாறினால்கூட சமாளிக்கலாம். நடு எண் மாறினால் பெல்ட்டைச் சுற்ற வைக்கிற பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் பெல்ட்டில் உட்காரவே உட்காராது. கடைசி எண் ஒன்று கூடிவிட்டால் பெல்ட்டை இறுக்குகிற டென்ஷன் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பெல்ட் தொங்கும், ஒன்று குறைந்தால் ஏறாது. அச்சு அழிந்து போயிருந்தால் இரும்புகளை எண்ணிவிடு. சாக்பீஸால் முதல் இரும்பில் கோடு போட்டுக்கொண்டு எண்ண வேண்டும், இல்லாவிட்டால் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோகும்.

பழைய வண்டி என்கிறாய். முந்தின ஓனர் ஏற்கெனவே வேறு அளவு போட்டு ஓட்டியிருக்கலாம். அதனால் வண்டி மாடலைச் சொல்லிக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வராதே. எண்ணோடு போ.

ஜனவரி 7, காலை

உயரமான பட்டன் பற்றி. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, நேராகச் சொல்கிறேன்.

நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பெல்ட் சேற்றில் சாவதில்லை. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை, உள்ளே ஆர்.எஸ்.மங்கலம் வரை, எத்தனையோ வண்டிகளின் கழற்றிப் போட்ட பெல்ட்டைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் பட்டன் இருக்கும்போதே பெல்ட் போயிருக்கும். கொன்றது கருவைத் தூர் (சீமைக்கருவேலம் வெட்டிய அடிக்கட்டை), தார் ரோடு, உப்பு. இந்த மூன்றும் வயலுக்குள் இருப்பதைவிட ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவில்தான் அதிகம்.

நம் ஊர் அறுப்பை நினைத்துப் பார். பெரும்பாலும் நேரடி விதைப்பு சம்பா. மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு மார்கழியோடு ஓய்ந்துவிடும். தை பிறக்கும்போது முக்கால்வாசி வயல் மேலே காய்ந்திருக்கும். கண்மாய்ப் பாசன வயலிலும் பள்ளக்கால் வயலிலும்தான் சேறு நிற்கும். தஞ்சாவூரில் குறுவை அறுப்பு மழையோடு மல்லுக்கட்டும்போது தேவைப்படுகிற பட்டன் உயரம் இங்கே வேண்டியதில்லை. காய்ந்த தரையிலும் ரோட்டிலும் உயரமான பட்டன் மடங்கி மடங்கி அடியில் கீறல் விடும். அந்தக் கீறல் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகிறது.

ஆகவே பட்டன் நடுத்தரமாக இருக்கட்டும். அந்தக் காசை உடம்பு, அதாவது உள் கம்பியும் ரப்பரும், கெட்டியான பெல்ட்டில் போடு.

ஜனவரி 7, மதியம்

ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டேன்.

கூடாது. காரணம் பலரும் நினைப்பது இல்லை. புது பெல்ட் வேகமாகப் போகும், பழையது மெதுவாகப் போகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்பார்கள். பெல்ட்டை ஓட்டுவது ஸ்ப்ராக்கெட் பல். ஒரு சுற்றுக்கு எத்தனை பல்லோ அத்தனை இரும்பு நகரும். பட்டன் உயரத்துக்கும் வேகத்துக்கும் அங்கே தொடர்பு இல்லை. காய்ந்த தரையில் வண்டி நேராகவே போகும். சேற்றில் மட்டும்தான் வழுக்கைப் பக்கம் சுற்றும்.

உண்மையான தொல்லை சாய்வு. புதுசுக்கும் பழசுக்கும் 25 மி.மீ. உயர வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெல்ட்டுக்கும் நடு இடைவெளி 120 செ.மீ., முன்னால் கட்டர் 200 செ.மீ. என்றால், கட்டரின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நாலு செ.மீ. ஏற்றத்தாழ்வு வந்துவிடும். ஒரு முனை மண்ணைக் கிளறும், இன்னொரு முனை தாளை உயரமாக விட்டு வெட்டும். சாய்ந்த பயிரில் கதிரும் சேர்ந்து தரையில் நின்றுவிடும். வைக்கோல் குறைகிறது என்று மாட்டுக்காரர் சத்தம் போடுவார், மண் ஏறுகிறது என்று நெல் வாங்குகிறவர் சத்தம் போடுவார்.

ஜோடி விலை லட்சத்தைத் தாண்டுகிறது, தெரியும். ஒரு பக்கம்தான் முடியும் என்றால் உன் வலது பெல்ட் அளவுக்கே பட்டன் தேய்ந்த, உடம்பு நல்ல பழைய பெல்ட்டைத் தேடு. அது நடுத்தர வழி. புதுசும் பாதியும் சேர்ந்தால் கட்டர் வேலையை ஒழுங்காகச் செய்யாது.

ஜனவரி 9

சாயல்குடி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "புது பெல்ட் போட்டு ஒரு சீசன்கூட முடியவில்லை, உள் இரும்பு தேய்ந்து ஸ்ப்ராக்கெட் தாவுகிறது, மட்டமான பெல்ட்டைக் கொடுத்துவிட்டார்கள்."

பெல்ட் மட்டமாக இருக்கலாம். ஆனால் ஸ்ப்ராக்கெட்டை மாற்றினீர்களா என்பதை அவர் எழுதவில்லை. பழைய ஸ்ப்ராக்கெட்டின் பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருக்கும். அது பழைய பெல்ட்டோடு சேர்ந்தே தேய்ந்தது, இரண்டும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டன. புது பெல்ட்டின் இரும்பு புது அளவில் இருக்கும். வளைந்த பல் அதில் முழுதாக உட்காராமல் விளிம்பை மட்டும் தள்ளும். சேற்றோடு சேர்ந்து அது அரம் போல ராவும்.

பெல்ட் விலையோடு பார்த்தால் ஸ்ப்ராக்கெட் விலை சின்னது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். காசு இல்லை என்றால் ஒரு தற்காலிக வழி உண்டு: இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான ஸ்ப்ராக்கெட் என்றால் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடலாம். தேயாத முகம் முன்னால் வரும். ஒரு சீசன் தள்ளும்.

பெல்ட்டின் உள்பக்கம் உருண்டு வண்டியைத் தாங்குகிற ரோலரையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பெல்ட்டைக் கழற்றியதும் கீழ் ரோலர் ஒவ்வொன்றையும் கையால் சுற்று. சுற்றாத ரோலர் ஒன்று இருந்தால் போதும், அது உருளாமல் உரசி, ஒரு பக்கம் தட்டையாகி, பெல்ட்டின் உள் ரப்பரைச் செதுக்கிவிடும். ஆயில் சீல் போய் உள்ளே சேறு புகுந்ததுதான் பெரும்பாலும் காரணம். முன்னால் பெல்ட்டை இழுத்துப் பிடித்திருக்கும் சக்கரமான ஐட்லரின் பேரிங்கையும் இதோடு பார்த்துவிடு.

ஜனவரி 10

தேவிபட்டினம் பக்கத்து ஐயா ஒருவர், டீசல் மெக்கானிக்காக இருந்தவர், உப்பு ரப்பரை ஒன்றும் செய்யாது என்று மறுத்திருக்கிறார். சரிதான். உப்புத் தண்ணீரில் ரப்பர் கெடாது. படகுக்காரர்கள் பழைய டயரைப் படகு ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களே, வருஷக்கணக்காகக் கிடக்கிறது.

ஆனால் பெல்ட் முழுக்க ரப்பர் இல்லையே ஐயா. பெல்ட்டின் பலம் உள்ளே ஓடும் ஸ்டீல் கம்பி வடம்தான். இழுப்பைத் தாங்குவது அது. ரப்பர் அதற்கு மேல் போர்த்திய சட்டை. கருவைத் தூர் ஒன்று ஒரு அங்குலம் கிழித்தால் அந்த வழியாக உப்பு ஈரம் கம்பியைத் தொடும். கம்பி இழைகளுக்கு நடுவில் இருக்கிற சந்து வழியே ஈரம் நீளவாக்கில் ஏறும். வெளியே வெட்டு விரல் அளவு, உள்ளே துரு ஒரு சாண். துருப் பிடித்த கம்பியில் ரப்பர் ஒட்டாது, அங்கே உப்பிக்கொண்டு வரும். கையால் அழுத்தினால் தெரியும்.

ஈசிஆர் ரோட்டுக்கு (கிழக்குக் கடற்கரைச் சாலை) கிழக்கே இருக்கிற வயல்களில் தை மாசம் வரப்போரம் உப்பு வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மண் பெல்ட்டில் அப்பிக் காய்ந்து, வண்டி அடுத்த அறுப்பு வரை அப்படியே ஷெட்டில் நின்றால் துருவுக்கு ஒரு வருஷம் அவகாசம் கொடுத்த மாதிரி.

கழுவ வேண்டும். எதில் கழுவுகிறோம் என்பதும் முக்கியம். கரையோரத்து போர் தண்ணீர் பல ஊரில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் கழுவி என்ன பயன்? கண்மாய்த் தண்ணீர், ஊருணித் தண்ணீர், அல்லது வண்டி உள்ளே வரும்போது வழியில் ஏதாவது நல்ல தண்ணீர். கழுவிக் காய்ந்த பிறகு வெட்டுகளைப் பார்த்து, பஞ்சர் கடையில் இருக்கிற ரப்பர் சொல்யூஷனும் ஒட்டும் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். இது பலம் கொடுக்கும் ஒட்டு இல்லை. ஈரத்தைத் தடுக்கும் மூடி, அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

ஜனவரி 12

போகி வேலைக்கு நடுவில் எழுதுகிறேன். நான் ஏன் கம்பியைப் பற்றியே பேசுகிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

உப்பூருக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில் ஒரு வயல். தை மாசம், ஆனால் வானம் கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. பயிர் ஏற்கெனவே சாய்ந்து கிடந்தது. இன்னும் ஒரு மழை பட்டால் கதிர் தரையிலேயே முளை விட்டுவிடும். வயல்காரர் வரப்பில் நின்று வானத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மூலையில் திருப்பும்போது இடது பெல்ட் அறுந்தது. வெடித்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் வண்டி அப்படியே குந்திவிட்டது.

அறுந்த இடத்தைப் பார்த்தேன். பட்டன் நன்றாக இருந்தது, இன்னும் இரண்டு சீசன் வரும் பட்டன். உள்ளே கம்பி முழுக்கச் செந்தூளாக உதிர்ந்தது. முந்தின வருஷம் ஒரு தூரில் ஏறி வெட்டு விழுந்த இடம் அது. மீதி இருந்த கம்பிகள் மட்டும் இழுத்துக்கொண்டு வந்திருக்கின்றன, அன்றைக்குத் திருப்பத்தில் கைவிட்டுவிட்டன. இரண்டு டிராக்டர் கட்டி இழுத்து வண்டியை ஏற்றினோம். மீதிப் பயிரை ஆள் விட்டு அறுத்தார்கள். பாதி நெல் கருத்துப்போனது. அந்த வயல்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

விற்ற கடையில் கேட்டேன். தூரில் ஏற்றினால் வாரண்டி கிடையாது என்றார்கள். நம் மாவட்டத்தில் தூரில் ஏற்றாமல் வண்டி எங்கே ஓட்டுவது?

ஜனவரி 13

தூர் பற்றி இரண்டு வரி. 2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுக்கு அப்புறம் ஊர் ஊராகச் சீமைக்கருவேலம் வெட்டினார்கள். வேரோடு எடுத்த இடம் நல்ல இடம். கரிமூட்டத்துக்கு வெட்டுகிற இடத்தில் தரையோடு அரிவாளால் சாய்வாக வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சாய்ந்த வெட்டு ஈட்டி முனையாக நிற்கும். வாய்க்கால் ஓரமும் வண்டிப்பாதை ஓரமும் இது அதிகம். புல் மூடிவிட்டால் தெரியாது. வண்டி இறங்குவதற்கு முன் ஒரு ஆளைப் பாதையில் நடக்கவிட்டு, தூருக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு போடச் சொல். நான் அதைச் செய்யாமல் வண்டியை இறக்குவதில்லை.

ஜனவரி 17

எல்லாருக்கும் பொங்கல் நன்றாகப் போயிருக்கும். மூன்றாவது வகை, அகலமான பெல்ட், அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

வண்டி மூன்று டன் என்று வைத்துக்கொள். பெல்ட் தரையில் பதியும் நீளம் 170 செ.மீ. அகலம் 45 செ.மீ. என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து 15,300 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ. மேல் 196 கிராம் அழுத்தம். அகலம் 50 ஆக்கினால் 17,000 சதுர செ.மீ., அழுத்தம் 176 கிராம். பத்தில் ஒரு பங்கு குறைகிறது. நெல் டாங்க் நிரம்பினால் ஏறுகிற எடை இந்த லாபத்தைத் தின்றுவிடும். டாங்க் முக்கால் நிரம்பியதுமே கொட்டிவிட்டால், பெல்ட்டை மாற்றாமலேயே அந்தப் பலன் கிடைக்கும்.

நஷ்டம் என்ன? வண்டி உடம்புக்கும் பெல்ட்டுக்கும் இருக்கும் இடைவெளி குறையும். களிமண் அந்த இடத்தில் அடைத்துக்கொண்டால் பெல்ட் வெளியே தள்ளப்படும். அகலம் கூடக் கூட ரோலருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பரும் கூடும். வரப்பில் ஏறும்போது அந்த விளிம்பு மடங்கும். கிழிவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

உன் வண்டி மாடலுக்கு இரண்டு அகலமும் கம்பெனியே போடுகிறது என்றால் அகலமானதை எடுக்கலாம். கடைக்காரர் "உட்கார்ந்துவிடும்" என்று மட்டும் சொன்னால் வேண்டாம்.

ஜனவரி 17, இரவு

வரப்பு என்றதும் ஞாபகம் வந்தது. வரப்பில் நேராக ஏற்று, சாய்வாக ஏற்றாதே. தார் ரோட்டில் நின்ற இடத்தில் வட்டமடிக்காதே. ஒரு பக்க பெல்ட்டை நிறுத்தி மறு பக்கத்தைச் சுற்றினால், நின்ற பெல்ட்டின் பட்டன் தாரில் தேய்ந்து உருண்டையாகத் திரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. ஊர் விட்டு ஊர் போக லாரியில் ஏற்று. லாரி வாடகையை மிச்சம் பிடித்து ரோட்டில் ஓட்டிப் போகிறவர்களுக்கு எந்த பெல்ட்டையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஜனவரி 19

கொஞ்சம் விலகிப் போகிறேன். அக்கா மகன் கனடாவில் இருக்கிறான். இந்த இழையைப் படித்துவிட்டு, அங்கே பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபைல் வண்டிக்கும் இதே சண்டைதான் மாமா என்று படம் அனுப்பினான். அந்த வண்டிக்கு ஒரே ஒரு பெல்ட், நடுவில். உள்ளே நம்முடையது போல கனத்த இரும்பு கிடையாது, குறுக்கே ஃபைபர் கம்பி. அதற்கும் இடைவெளி அளவு உண்டு. 2.52 அங்குலம், 2.86, 3 என்று. ஓட்டுகிற பல்லும் அதே அளவில் இருந்தால்தான் ஏறும். மலையில் புதைகிற பனிக்கு இரண்டரை, மூன்று அங்குலப் பட்டன். கெட்டித்த பாதைக்கு ஒரு அங்குலத்தை ஒட்டி. மலைக்கு வாங்கிய உயரமான பட்டனோடு கெட்டிப் பாதையில் வேகமாக ஓட்டினால் பட்டன் சூடேறிப் பிய்ந்து போகும் என்கிறான்.

அவன் சொன்னதில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. அந்த வண்டி பெல்ட்டின் மேல் பிளாஸ்டிக் சட்டத்தில் வழுக்கிப் போகிறது. வழுக்குவதற்கு எண்ணெய் இல்லை, பனிதான் ஈரம் கொடுக்கிறது, சூட்டையும் ஆற்றுகிறது. பனி இல்லாத இடத்தில் ஓட்டினால் சட்டம் உருகும். நம் வண்டியிலும் ஈரம் ரோலருக்கும் இரும்புக்கும் நடுவில் கொஞ்சம் அந்த வேலையைச் செய்கிறது. காய்ந்த மணலும் புழுதியும் அதையே அரைக்கிற வேலையாக மாற்றிவிடுகின்றன. நம் கரையோர மணல் பாதையில் நீள ஓடிய வண்டியின் ரோலரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும்.

ஜனவரி 22

கடையில் பெல்ட்டை எப்படிப் பார்த்து எடுப்பது? எல்லாமே கறுப்பாகத்தானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: உள்ளே கம்பி ஒரே சுற்றாகச் சுற்றியதா, இரண்டு முனையை ஒன்றின் மேல் ஒன்று வைத்து இணைத்ததா? இணைத்ததில் அந்த இடம்தான் முதலில் போகும். இணைப்பில்லாமல் சுற்றியது விலை கூடுதல். என் மொத்தப் பேச்சும் இதற்காகத்தான், காசு அங்கே போகட்டும். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் கம்பெனி விவர அட்டையைக் காட்டச் சொல். அதில் இல்லையென்றால் வேறு பெல்ட் பார்.

அப்புறம் உள்ளே இருக்கும் இரும்பு. அது ரப்பரில் இருந்து வெளியே எட்டிப் பார்க்கும் இடத்தைச் சுற்றி விரலை ஓட்டு. ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்க வேண்டும், நகம் நுழைகிற சந்து இருந்தால் வைத்துவிடு.

தயாரித்த வருஷம் அச்சிட்டிருக்கும். நல்ல கம்பெனி பெல்ட் ஆனாலும் வெயிலில் கிடந்ததாக இருந்தால் வேண்டாம். ரப்பரை வளைத்துப் பார்த்தால் மயிரிழை போல வெடிப்பு ஓடும். கடைக்குப் பின்னால் கொட்டகையில் மடித்துக் கட்டி வைத்திருந்ததையும் எடுக்காதே. கூர்மையாக மடித்த இடத்தில் கம்பி ஏற்கெனவே வளைந்திருக்கும்.

ஜனவரி 25

உயரமான பட்டன் வேண்டாம் என்று ஒரே அடியாகச் சொன்னதில் ஒரு சேர்க்கை தேவைப்படுகிறது. இரண்டு வாசகர்கள் நியாயமாகவே கேட்டிருக்கிறார்கள்.

ஒருவர் வண்டியைப் புரட்டாசியில் தஞ்சாவூருக்குக் குறுவை அறுப்புக்கு அனுப்பி, தையில் திரும்பக் கொண்டுவருகிறவர். அவருக்கு வருமானத்தில் பெரும்பங்கு அங்கேதான். அந்த வண்டிக்கு உயரமான பட்டன் சரி. வருஷத்தில் எந்த மண்ணில் அதிக மணி நேரம் ஓடுகிறதோ அந்த மண்ணுக்கு வாங்க வேண்டும்.

இன்னொருவர் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் மட்டும் ஓட்டுகிறவர். நாரை பறக்காத 48 மடைக் கண்மாய் என்று சும்மாவா சொல்கிறார்கள், கண்மாய் நிறைந்த வருஷம் கடைமடை வரை தண்ணீர் நிற்கும். மாசி அறுப்பிலும் கால் புதையும். அங்கேயும் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே போகலாம். ஆனால் அவர்கூட உடம்புக்குப் பிறகுதான் பட்டனைப் பார்க்க வேண்டும் என்பேன். கண்மாய் நிறைவது எல்லா வருஷமும் இல்லை, தூர் எல்லா வருஷமும் இருக்கிறது.

திருவாடானைத் தம்பி, நீ ஈசிஆர் ஓரத்திலும் ஓட்டுகிறாய் என்பதால் உனக்கு என் பதில் மாறவில்லை.

ஜனவரி 28

தம்பி வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். ஜோடியாக, நடுத்தர பட்டன், இணைப்பில்லாத கம்பி, இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து. ரோலர் ஒன்று சுற்றவில்லை, அதையும் மாற்றியிருக்கிறார். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

மாட்டும்போது பட்டனின் சாய்வு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார். அம்பு போட்டிருந்தால் வண்டி முன்னே போகும் திசையில் இருக்கட்டும். அம்பு இல்லாவிட்டால் இரண்டு பெல்ட்டையும் தரையில் பக்கத்தில் விரித்துப் பார்த்து, கண்ணாடியில் பார்த்தது போல இடதும் வலதும் எதிரெதிராக அமையும்படி மாட்டு. பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

உள் விளிம்பில் டீசலோ ஆயிலோ பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடு. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிவிடும்.

ஜனவரி 30

டென்ஷன் பற்றித் தம்பி கேட்டது: "மெக்கானிக் கல் மாதிரி முறுக்கிவிட்டார், பெல்ட் கழலாது என்கிறார்."

கழலாதுதான். அதற்குப் பதிலாக ஐட்லர் பேரிங் போகும், கம்பி நீளும், டீசலும் கூடும். தொங்கலாக விட்டால் அதற்கு நேர்மாறு: சேற்றில் பின்னால் எடுக்கும்போது பல் தாவும், திருப்பத்தில் பெல்ட் வெளியே வந்துவிடும். வண்டியைத் தூக்கி, நடு ரோலருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று அளக்க வேண்டும். எத்தனை மி.மீ. என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. பழைய வண்டி என்பதால் புத்தகம் இல்லை என்றால், அதே மாடல் வைத்திருக்கிறவரிடம் அந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாங்கிவிடு. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும்.

புது பெல்ட் முதல் சில நாள் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும். ஆகவே முதல் நாள் அறுப்பு முடிந்ததும் மறுபடி அள. முதல் வாரம் கழித்து இன்னொரு முறை. அளப்பதற்கு முன் ரோலர் இடுக்கில் அடைந்த களிமண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்துவிடு. மண் அடைந்திருந்தால் பெல்ட் இறுக்கமாக இருப்பது போலக் காட்டும், நீயும் போல்ட்டைத் தளர்த்திவிடுவாய், காய்ந்து உதிர்ந்ததும் தொங்கும்.

பிப்ரவரி 3

தொண்டிப் பக்கம் இரண்டு வயல் முடித்துவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறார். இடது விளிம்பில் ஒரு சின்ன வெட்டு விழுந்திருக்கிறது, கம்பி தெரியவில்லை, என்ன செய்ய என்று கேட்கிறார்.

இன்று சாயங்காலமே நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, பஞ்சர் கடை ஆளை வண்டி நிற்கிற இடத்துக்கே வரச்சொல். சீசன் முடியட்டும் என்று தள்ளிப் போடாதே. எந்தப் பாதையில் அந்தத் தூர் இருந்தது என்பதையும் இங்கே எழுது. அடுத்து அந்தப் பக்கம் இறங்கப் போகிற வண்டி மூன்று இருக்கிறது.